பீர்க் கலத்தில் வாயுக் கசிவு

அமெரிக்க இல்லங்களில் பீரைத் தாமே காய்ச்சி, குளிர்பெட்டிக்குள் கலத்தை வைத்துக் குழாய்வழி வடித்துப் பருகும் அன்பர்களுக்கு, அண்மையில் நிரப்பிய கரியமிலவாயு சிலிண்டர் அகாலத்தில் காலியாவதைப் போல் மனக்கிலேசம் தருவது வேறில்லை. உள்ளே திரவம் எஞ்சியிருக்குமட்டும் உயரழுத்தமானியின் முள் இறங்குவதில்லையாதலால், சிலிண்டரை நிறுத்துப் பார்ப்பதே உசிதம்.

கலத்தைக் கழற்றிவிட்டு, குழாய்களில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி, ஓரிரவு சென்றபின் முள் தாழ்ந்திருக்குமாயின், தோஷம் ரெகுலேட்டரிலோ குழாய்களிலோ இருக்கிறது. தாழாவிடில் கலத்தையே சந்தேகிக்க வேண்டும். கலத்தை இணைத்தபடியே சோதிப்பது வியர்த்தம். குளிர்ந்த பீர் வாயுவைத் தானே கிரகித்துக்கொண்டு, கசிவில்லாதபோதும் முள்ளை இறக்கிவிடும்.

பிறகு சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வொரு பூட்டுவாயிலும் தடவி, அவசரமின்றிக் கவனிக்க வேண்டும். சூட்சுமமான கசிவு, ரெகுலேட்டர் நட்டின் விளிம்பில் கடுகளவு நுரையாகத் தோன்றி நிதானமாகப் பருக்கும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி நசுங்கிய வாஷரே. தனி வாஷராயின், சிலிண்டர் மாற்றுந்தோறும் புதியது போடுவது அவசியம். கலத்து மூடியின் ரப்பர் வளையத்துக்கு உணவுக்குகந்த கிரீஸ் லேசாகப் பூசி, 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றினால் அது நன்கு பதிந்துகொள்ளும். குழாய் கிளிப்புகளில் கசிந்தால், அவற்றை முறுக்கிவிட்டால் போதும்.

கரியமிலவாயு மணமற்றது, காற்றினும் கனமானது. நிலவறையில் தரையோடு தேங்கும். ஆகவே, கசிவென்று ஐயுற்றால் கதவு ஜன்னல்களைத் திறந்த பின்னரே குனிந்து தேடுங்கள். தலைவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே வெளியேறிவிடுங்கள்.