கை நடுங்கினால் முதலில் கவனிக்க வேண்டியவை

மணவாள நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் காக்களூர் தொழிற்பேட்டையில் பல வருஷமாக வெல்டர். இப்போது வலது கை நடுங்குகிறது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மருந்துக்கடையில் சத்து மாத்திரை கொடுத்தார்களாம்.

சத்து மாத்திரை கிடக்கட்டும். நடுக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். டீ கிளாஸைத் தூக்கும்போது தளும்பி, கையை மடியில் வைத்ததும் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பார்க்கின்சன் அல்ல. பரம்பரையாக வரும் நடுக்கமாக இருக்கலாம். தைராய்டோ ஆஸ்துமா மருந்தோ காரணமாகவும் இருக்கலாம். டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் ஆடி, எதையாவது எடுக்கப் போனால் அடங்குகிறதா? அப்போது பார்க்கின்சனைச் சந்தேகிக்கலாம். நடக்கையில் ஒரு கை வீசாமல் தொங்குகிறதா, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதா, எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா என்றும் கவனியுங்கள். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும்.

அடுத்து, வீட்டிலுள்ள மாத்திரைகள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தரும் ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவை பார்க்கின்சன் மாதிரியே உடம்பை இறுக்கிவிடும். என்றோ எழுதிய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது நம்மூர் வழக்கமாயிற்றே! மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், மனநல மருந்தை நிச்சயமாக நிறுத்தாதீர்கள்.

வெல்டிங் புகையில் மாங்கனீசு உண்டு. டேங்குக்குள்ளும் காற்றோட்டமில்லாத ஷெட்டிலும் நெடுநாள் சுவாசித்தால் அது மூளையில் படியும். மாங்கனீசு அரைத்த ஆலைத் தொழிலாளர்களிடம் இந்தப் பாதிப்பை ஜான் கூப்பர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1837-லேயே பதிவுசெய்தார். இதில் நடுக்கத்தைவிட நடைதான் கெடும்: குதிகால் ஊன்றாமல் நடப்பார், பின்பக்கம் சாய்ந்து விழுவார். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா இதற்கு அவ்வளவாகக் கேட்காது. வெல்டர் என்றாலே மாங்கனீசு என்று முடிவுகட்டவும் வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலையடியில் நிற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தப் புகையைத் தடுக்காது. மாங்கனீசு நச்சு சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய். அதனால் என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நடுக்கம் வேறு, மரத்துப்போவது வேறு. கிரைண்டர் பிடிப்பவருக்கு விரல் வெளுத்து மரத்தால் அதன் அதிர்வு காரணமாகலாம். கால் செருப்பு கழன்றதே தெரியாத அளவுக்குப் பாதம் மரத்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். மேல்சிகிச்சைக்கு மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நரம்பியலுக்குத் தனிப் பிரிவே உண்டு. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கை சும்மா இருப்பதையும் அவர் நடந்து திரும்புவதையும் போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

திடீரென ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் இதெல்லாம் பொருந்தாது. அது பக்கவாதம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.