கடற்பாசி கட்டடத்தில் வளருமா?

கடலுக்குள்ளும் பயிர் உண்டு. அதுதான் கடற்பாசி. அதற்கு நிலம் வேண்டாம். நல்ல தண்ணீர் வேண்டாம். உப்பு நீரும் வெயிலும் போதும்.

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பாசி வளர்க்கிறார்கள். 12 அடி நீளம், 12 அடி அகலத்தில் மூங்கில் மிதவை கட்டுகிறார்கள். கயிற்றில் விதைப் பாசியை முடிந்து கடலில் விடுகிறார்கள. ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதைப் பாசி வேண்டும். நன்றாக வளர்ந்தால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் கிடைக்கும்.

பாசியில் எரிபொருள்

பாசியைக் காற்றுப் புகாத தொட்டியில் போட்டால் நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்கும். அப்போது எரிவாயு வரும். சாண எரிவாயுவும் இப்படித்தான் கிடைக்கிறது. பாசியின் சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்க வைத்தால் எரிசாராயம் கிடைக்கும். அதைப் பெட்ரோலில் கலக்கலாம்.

பெங்களூருவைச் சேர்ந்த சீ-சிக்ஸ் எனர்ஜி என்ற நிறுவனம் 2010-இல் தொடங்கியது. பாசியில் எரிபொருள் எடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அது பாசியைக் கட்டடத்தில் வளர்க்கவில்லை. கடலில்தான் வளர்க்கிறது. ஏன்?

வரவும் செலவும்

பெங்களூரு கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. குடிநீரே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காவிரியிலிருந்து ஏற்றப்படுகிறது. உப்பு நீருக்கு எங்கே போவது?

கட்டடத்துக்குள் வெயில் இல்லை. விளக்கு எரிக்க வேண்டும். அந்த ஒளியில் சிறு பங்கைத்தான் பாசி தன் உடலில் சேர்க்கும். 100 பங்கு மின்சாரம் செலவழித்தால் 10 பங்கு எரிபொருள்கூடத் திரும்பி வராது. கடலில் வெயில் இலவசம்.

மண்டபத்துப் பாசியிலிருந்து ஒரு பசைப்பொருள் எடுக்கிறார்கள். அது ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. பாசிச் சாறு பயிருக்கு ஊட்டம் தருகிறது. எரிபொருளைவிட இவற்றுக்கு விலை அதிகம். பாசி வளர்க்கும் பெண்களின் கூலி அந்த விலையில்தான் இருக்கிறது.

நகரத்தில் என்ன செய்யலாம்?

காய்கறிக் கழிவு, மீந்த சோறு நகரத்தில் தினமும் சேர்கிறது. அதைத் தொட்டியில் இட்டு எரிவாயு எடுக்கலாம். மிஞ்சும் கரைசல் செடிக்கு உரம்.

புதுத் திட்டம் என்று யாராவது பணம் கேட்டால், முதலில் இதைக் கேளுங்கள்: உள்ளே போவது எவ்வளவு? வெளியே வருவது எவ்வளவு?

பயிற்சி

1. பாசி வளர எவை வேண்டும்?
2. கட்டடத்துக்குள் பாசி வளர்த்தால் ஏன் நட்டம்?
3. உங்கள் தெருவில் ஒரு நாளில் சேரும் காய்கறிக் கழிவு எவ்வளவு? கூடிப் பேசுங்கள். எழுதுங்கள்.