கேமுக்கும் எடிட்டிங்குக்கும் ஒரே கணினி: யாழ்ப்பாணத்து வீட்டுக்கான குறிப்புகள்

பகலில் அண்ணன் கலியாண வீட்டு வீடியோ வெட்டவேண்டும், இரவில் தம்பி வலோரண்ட் விளையாடவேண்டும். இரண்டுக்கும் வீட்டில் ஒரு பெட்டிதான். யாழ்ப்பாணத்தில் மேசைக் கணினி வாங்கப் போகிறவர்களில் கனபேர் இந்த நிலைமையில்தான் இருக்கிறார்கள். இணையத்தில் அகப்படும் ஆலோசனைகளோ பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரருக்காக எழுதியவை. அங்கே கரண்ட் கட் இல்லை, சோளகக் காற்றும் செம்பாட்டுப் புழுதியும் இல்லை. கையில் உள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கையாவது மின்சாரப் பாதுகாப்புக்கும் காற்றோட்டத்துக்கும் சேமிப்புக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கிராபிக்ஸ் காட்டைப் பாருங்கள் என்பதுதான் நான் கேட்கிறவர்களுக்குச் சொல்வது.

1. கடைக்குப் போக முதல், என்ன கேம், என்ன கமரா என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும் என்றால் நடுத்தரக் காட்டே போதும். அங்கே ப்ரொசெசரின் வேகம்தான் பேசும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை காட்டைப் பிழிந்தெடுக்கும். எடிட்டிங்குக்கு ப்ரொசெசர், ரம், எஸ்எஸ்டி மூன்றும் சமமாக ஓடவேண்டும். கலர் கலராக விளக்கெரியும் ‘கேமிங் பிசி’ பெட்டிகளில் பல, காட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு மற்ற மூன்றிலும் கைவைத்தவை.

2. கணினிக்கு முன் சுவரைப் பாருங்கள். இலங்கையில் இப்போது தரநிலையான பிளக், சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக். பழைய வீடுகளில் இன்னமும் வட்டத் துளைகள்தான் இருக்கின்றன. அதில் ஒரு அடாப்டர், அடாப்டரில் ஒரு மல்டி பிளக், அதில் கணினி என்று தொடுத்தால், ஏதோ ஒரு இடத்தில் எர்த் அறுந்துவிடும். பெட்டியின் இரும்பில் விரல் பட்டதும் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. குடாநாட்டில் பல இடங்களில் சில அடி தோண்டியதுமே சுண்ணக்கல் தட்டுப்படும். எர்த் கம்பி ஆழமாக இறங்கியிராது. வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. யூபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் கணினி வாங்காதீர்கள். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. கரண்ட் போவது எங்களுக்குப் புதுக் கதை இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க இருண்டது. வழமையான நாளிலும் ஒரு வினாடி மின்னி வரும் கரண்டே போதும், மூன்று மணி நேரம் ஓடிய றெண்டர் வீணாக.

யூபிஎஸ் பெட்டியில் 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட்ஸ் அல்ல. பெரும்பாலும் 360, 390 வாட்ஸ்தான். கேம் ஓடும்போது கணினியும் மொனிற்றரும் சேர்ந்து 400 வாட்ஸைத் தாண்டினால், கரண்ட் போன அதே கணத்தில் அந்த யூபிஎஸ்ஸும் கீ என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். இப்படியான கணினிக்கு 1200 முதல் 1500 விஏ வேண்டும். மலிவான யூபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது படிக்கட்டு வடிவ அலையைத்தான் தரும். இன்றைய நல்ல பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் அணைந்துவிடுவதுண்டு. ஆகவே காசு இடம்கொடுத்தால் சுத்தமான சைன் அலை தரும் யூபிஎஸ்ஸை எடுங்கள். அதில் கணினி, மொனிற்றர், ரவுட்டர் மட்டும். லேசர் பிரிண்டரைச் செருகவே வேண்டாம். எங்கள் வெக்கையில் உள்ளே இருக்கும் ஈய பற்றரி இரண்டு, மூன்று வருடத்தில் களைத்துவிடும். அதை மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

4. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேஸோடு சேர்த்து ‘இலவசமாக’ வரும் பவர் சப்ளை வேண்டாம். பெயர் தெரிந்த கம்பனியின், 80 பிளஸ் முத்திரை உள்ள 650 வாட்ஸ் ஒன்று நடுத்தரக் கணினிக்குப் போதும். மலிவானது எரிந்தால் தான் மட்டும் எரியாது.

5. கேஸின் முகம் கண்ணாடியா வலையா என்று பாருங்கள், வலையையே எடுங்கள். உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்தில் ஒரு வருடம் ஓடிய பெட்டியைத் திறந்தால், மின்விசிறி இதழ்களின் விளிம்பில் செங்கல் நிறத்தில் பொருக்குப் பிடித்திருக்கும். ப்ரொசெசருக்கு மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே புழுதி பஞ்சாக அடைத்துக் கிடக்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று விண்டோஸைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுகிறவர்களில் பாதிப்பேருக்கு நோய் இதுதான். முன்வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி இருக்கவேண்டும். தோட்டம் உழுகிற காலத்திலும் சோளகம் அடிக்கிற மாதங்களிலும் மாதம் ஒருமுறை அதைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே ஊதுவதற்குக் கையடக்க புளோவர் நல்லது. டயர்க் கடைக் கொம்பிரசர் வேண்டாம், காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். ஊதும்போது மின்விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர், ஊர்காவற்றுறைக் காரருக்குப் புழுதியைவிட உப்புக்காற்றே எதிரி. கடற்பக்க யன்னலுக்குக் கீழே கணினியை வைக்காதீர்கள். பின்பக்கத்தில் காட் இல்லாத துவாரங்களுக்கு உரிய இரும்புத் தகடுகளைக் கழற்றி எறியாதீர்கள். பல்லியும் சிற்றெறும்பும் குடிபுகும் வாசல் அதுதான்.

6. மின்கட்டணத்தையும் பாருங்கள். 400 வாட்ஸ், நாளுக்கு 5 மணி நேரம், 30 நாள்: மாதம் 60 அலகு. வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. 80 அலகோடு நின்ற வீடு 140க்குப் போனால் கூடுவது 60 அலகின் காசு மட்டுமல்ல. மாதாந்த நிலையான கட்டணமும் இரண்டு படி மேலே தாவும். அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

7. ப்ரொசெசர். இன்டெல் எடுக்கிறவர்கள் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை; விலை கொஞ்சம் குறையும். கேமுக்கு அதனால் நட்டமில்லை, எடிட்டிங்குக்கு நட்டம். சோனி ஏ7 4 போன்ற கமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 வீடியோவை, 11ஆம் தலைமுறையில் இருந்து வரும் இன்டெல் உள் கிராபிக்ஸ் சிரமமில்லாமல் ஓட்டும். என்விடியாவில் 50 வரிசைக் காட்டுகள்தான் அந்த வேலைக்கு வந்தன. உள் கிராபிக்ஸ் இல்லாமல் ஆர்டிஎக்ஸ் 3060, 4060 மட்டும் வைத்திருப்பவர்கள் அந்த வீடியோவை நேரடியாகப் போட்டால் டைம்லைன் திக்கித் திக்கி நகரும். ப்ரொக்ஸி (வெட்டுவதற்கான இலேசான பிரதி) செய்துதான் வெட்டவேண்டும்.

ஏஎம்டி எடுத்தால் ஏஎம்5 மதர்போட்டாக எடுங்கள். மூன்று வருடம் கழித்து ப்ரொசெசரை மட்டும் மாற்ற வழி இருக்கும். ஏஎம்4 மலிவு, ஆனால் அந்தப் பாதை இனி நீளாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சிலவற்றில் நிலைகுலைவு வந்து, 2024 ஓகஸ்டில் திருத்தம் வெளியானது. அவற்றை வாங்கினால் பயோஸ் அதற்குப் பிந்தியதா என்று கேளுங்கள்.

8. கிராபிக்ஸ் காட்டில் பெயரைவிட அதன் நினைவகத்தைப் பாருங்கள். 4கே வீடியோவில் கலர் வேலை, நொய்ஸ் குறைப்பு எல்லாம் போட்டால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். 12 அல்லது 16 ஜிபி கிடைத்தால் அதையே எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் விற்கிறது, 16 ஜிபியும் விற்கிறது. பில்லில் எது என்று எழுதச் சொல்லுங்கள்.

9. ரம் 32 ஜிபி. ஒரு துண்டாக அல்ல, 16 ஜிபி இரண்டு துண்டாக. 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க ரம் விலை ஏறியதால், 16ஓடு தொடங்கிப் பிறகு கூட்டலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் ‘பிறகு’ மலிவாக இருக்கும் என்று நம்பவேண்டாம்.

10. சேமிப்பு. இதில்தான் கலியாண வீட்டுக்காரர் மாட்டுப்படுவது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். மூன்று கமரா, ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. பொன்னுருக்கலையும் வரவேற்பையும் சேர்க்காமலே ஒரு டெராபைட் எஸ்எஸ்டி ஒரு கலியாணத்தோடு முடிந்தது. விண்டோஸுக்கும் கேமுக்கும் ஒரு என்விஎம்ஈ, நடப்பு வேலைக்கு இன்னொன்று, முடிந்த வேலைகளுக்குப் பெரிய ஹாட் டிஸ்க் என்று மூன்றாகப் பிரியுங்கள். முடிந்த வேலையின் இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும். சாமத்திய வீட்டு வீடியோவைப் பத்து வருடம் கழித்து அதே பிள்ளையின் கலியாணத்துக்குப் போட்டுக்காட்டக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

11. மொனிற்றர் ஐபிஎஸ் பனலாக, எஸ்ஆர்ஜிபி நிறங்கள் முழுமையாக வருவதாக இருக்கட்டும். மலிவுத் திரையில் பார்த்துச் சரிசெய்த கூறைச் சேலையின் சிவப்பு, லண்டன் மாமியின் போனில் செம்மஞ்சளாகத் தெரியும். 27 அங்குலம், 1440பி, 144 ஹேர்ட்ஸ் இரண்டு வேலைக்கும் பொதுவான நல்ல இடம். கேபிளை மதர்போட்டில் அல்ல, கிராபிக்ஸ் காட்டில் செருகுங்கள். விண்டோஸில் 144ஐத் தெரிவுசெய்யாமல் 60இலேயே மாதக்கணக்காக விளையாடும் பெடியள் இருக்கிறார்கள்.

12. இணையத்தில் இறக்கும் வேகத்தை மட்டும் கேட்காமல் ஏற்றும் வேகத்தையும் கேளுங்கள். கனடாவுக்கு அனுப்பவேண்டிய 18 ஜிபி வீடியோ, விநாடிக்கு 10 மெகாபிட்டில் ஏற நாலு மணி நேரம் எடுக்கும். கேம்களை ஒவ்வொருவரும் தனித்தனியே இறக்கி டேட்டாவைக் கரைக்கத் தேவையில்லை. ஸ்டீமில் இருக்கும் பக்கப் வசதியால் நண்பனின் பிரதியை டிஸ்க்கில் கொண்டுவரலாம். விளையாட உங்கள் கணக்கிலும் அந்த கேம் இருக்கவேண்டும்.

13. கடையில் ‘எல்லாம் போட்டுத் தாறம்’ என்று ஏற்றித்தரும் கள்ளப் பிரதி மென்பொருளில் வைரஸ் வந்தால் போவது அடுத்தவரின் கலியாண வீடியோ. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே 4கே, 60 ஃப்ரேம் வரை வெளியெடுக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11ஐப் போடுங்கள், அதில் வலோரண்ட் ஓட டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் பயோஸில் திறந்திருக்கவேண்டும்.

14. எங்கே வாங்குவது? பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் சிலவற்றில் குறைவு. ஆனால் பழுது வந்தால் 400 கிலோமீற்றர் இரவு பஸ். விலை வித்தியாசம் போய்வரும் செலவைவிடப் பெரிதாக இல்லை என்றால் யாழ் நகரிலேயே வாங்குவேன். விலை கேட்கும்போது 18 வீத வற் சேர்த்ததா என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பலாலிக்குப் பறக்கலாம் என்பவர்களுக்கு: பல பாகங்களின் உத்தரவாதம் இந்தியாவுக்குள் மட்டும்தான், பயணப்பொதி எடையும் சுங்கமும் தனி. சின்னப் பாகத்துக்குச் சரி, முழுக் கணினிக்குச் சரிவராது.

15. கனடா மாமா கொண்டுவரும் பழைய கணினியை உடனே சுவரில் செருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. புதிய பவர் சப்ளைகள் தாமாகவே மாறும். பழையவற்றில் பின்பக்கம் 115/230 என்று ஒரு சிறு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 115இல் நின்றால் படார்.

16. பழைய கிராபிக்ஸ் காட். 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்றபின் இரவுபகலாக உழைத்த காட்டுகள் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

17. உத்தரவாதத் தாளின் சின்ன எழுத்தை கடையில் நின்றே வாசியுங்கள். ஒரு வருடம் என்று வாயால் சொன்னது பில்லில் 350 நாளாக இருக்கும். மின்னல், மின்னழுத்த ஏற்றம், கருகிய அடையாளம், துரு, பூச்சி ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் பல பில்களில் இருக்கும். எங்கள் ஊரில் கணினி சாவது பெரும்பாலும் இவற்றால்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் இலக்கமும் பில்லில் இருக்கவேண்டும். ஸ்டிக்கர்களைப் போனில் படமெடுங்கள்.

18. காசு கட்டுவதற்கு முன் யூபிஎஸ்ஸையும் கணினியையும் கடையிலேயே இணைக்கச் சொல்லி, ஒரு கேமை ஓடவிட்டு, யூபிஎஸ்ஸின் வயரைச் சுவரில் இருந்து இழுங்கள். படம் அசையாமல் ஓடவேண்டும். அணைந்தால் யூபிஎஸ்ஸை மாற்றச் சொல்லுங்கள். பஸ்ஸில் கொண்டுவருவதானால் கிராபிக்ஸ் காட்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியே வையுங்கள். கேஸை மதர்போட் கீழே வருமாறு படுக்கவைத்து, லொறிக்கோ பஸ்ஸின் அடிப்பெட்டிக்கோ கொடுக்காமல் உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.