12 அடி உயர வீட்டோடு வாஷிங்டனுக்கு

வாடகை ஆர்.வி., அதாவது சக்கரம் வைத்த வீடு, எடிசன் ஊரிலுள்ள வீட்டு வாசலில் வந்து நின்றதும் முதலில் ஏறிப் பார்த்தவர் பாட்டிதான். பேரப்பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவர். அடுப்பைத் திருகிப் பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினார், கழிப்பறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த பரண்படுக்கையை அண்ணாந்து பார்த்தார். பிறகு இறங்கி வந்து மகனிடம் கேட்டார்: "வீடு நல்லாத்தான் இருக்குப்பா. இதக் கொண்டுபோயி எங்க நிறுத்துவ?"

குடும்பத் தலைவருக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் நிறுத்த இடமா இல்லை என்றார். (அந்தக் குடும்பத் தலைவர் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவர்தான். செய்த தப்புகளைத் தன்மையில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் படர்க்கையில் ஒளிந்துகொள்கிறார்.) மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே விடுமுறை. அதை ஒட்டி மூன்று நாள் பயணம். எடிசனிலிருந்து வாஷிங்டன் சுமார் 200 மைல். அவர் மனதில் ஓடிய படம் இதுதான்: நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு, அப்படியே அருங்காட்சியகத்துக்குள் நுழைவது.

வண்டி 25 அடி நீளம், 12 அடி உயரம். நகர மையத்தின் நிலத்தடிப் பார்க்கிங்குகள் பலவற்றில் ஏழடி உயர வண்டியே நுழையத் தயங்கும். தெருவோரக் கட்டங்கள் கார் அளவுக்குப் போட்டவை. மனைவி இரவு கணினியில் உட்கார்ந்து தேடி இதையெல்லாம் படித்துக் காட்டியபோதுதான் பாட்டி கேட்ட கேள்வியின் கனம் அவருக்குப் புரிந்தது. வண்டி எடுக்கும் நாளுக்கு முந்தைய வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இல்லை, அதற்கும் நாலு மாதம் முன்னால்.

வாஷிங்டனுக்கு ஆர்.வி.யில் போகிறவர்கள் பெரும்பாலும் நகருக்கு வெளியே, மேரிலாந்து பக்கம்தான் தங்குகிறார்கள். கிரீன்பெல்ட் பார்க் என்று ஒன்று இருக்கிறது. தேசியப் பூங்கா சேவை நடத்துவது, மரங்கள் அடர்ந்தது, வாடகை குறைவு. ஆனால் வண்டிக்கு மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. காலேஜ் பார்க்கில் உள்ள செர்ரி ஹில் பார்க் தனியார் இடம். மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்துவிடும், நீச்சல் குளமும் உண்டு. வாடகை அதற்கேற்ப. பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் கூட வரும்போது, வாஷிங்டனின் மே கடைசிப் புழுக்கத்தில் ஏ.சி. இல்லாமல் தூங்குவது நடக்காத காரியம் என்று மனைவி முடிவெடுத்தார். செர்ரி ஹில்லில் யாரோ ரத்து செய்த இடம் ஒன்று கடைசி நிமிடத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம். செர்ரி மலரும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்திலும் நீண்ட வார இறுதிகளிலும் அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். முன்பதிவு செய்யும்போது இன்னொன்றும் கேளுங்கள்: முன்பக்கமாக நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறுகிற இடமா? புதிதாக ஓட்டுகிறவருக்கு 25 அடி வண்டியை ரிவர்ஸ் எடுப்பதிலிருந்து விடுதலை. நம்மவர் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும் என்பதை மறந்து, தெருவைத் தாண்டும் முன்பே பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைச் சாய்த்தவர்.

அடுத்தது வழி. காரில் போனால் ஜி.பி.எஸ். காட்டுகிற பாதை கண்ணை மூடிக்கொண்டு ஐ-95. பால்டிமோர் வந்ததும் ஃபோர்ட் மெக்கென்ரி சுரங்கப்பாதை, அல்லது ஹார்பர் சுரங்கப்பாதை. இரண்டிலும் புரொப்பேன் எரிவாயு கொண்டுபோகும் வண்டிகளுக்குத் தடை. ஒரு சிலிண்டரில் 10 பவுண்டுக்கு மேல் இருந்தால் உள்ளே போகக் கூடாது. ஆர்.வி.யின் அடுப்புக்கும் வெந்நீருக்கும் அடியில் பொருத்தியிருக்கும் தொட்டி அதைப்போலப் பல மடங்கு கொள்ளும். 'வால்வை மூடிவிட்டேன்' என்று சமாதானம் சொல்ல முடியாது, விதி அளவைத்தான் பார்க்கிறது.

முன்பெல்லாம் இதற்கு எளிய மாற்று இருந்தது. கிழக்குப் பக்கம் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் ஏறித் துறைமுகத்தைத் தாண்டிவிடலாம். 1977இல் திறந்த அந்தப் பாலத்தை 2024 மார்ச் 26 அதிகாலை 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மோதிச் சாய்த்தது. பாலத்தில் பள்ளம் நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். புதுப் பாலம் வரும்வரை எரிவாயுவோடு போகிற வண்டிகளுக்கு ஐ-695 வட்டச் சாலையின் மேற்குப் பாதிதான் வழி: டவ்சன் பக்கமாக ஊரைச் சுற்றி மறுபடி ஐ-95க்கு வர வேண்டும். தொலைபேசியில் இருக்கிற சாதாரண வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சுரங்கத்துக்குப் போ என்றே அது கடைசிவரை நச்சரித்தது. மனைவி ஒரு தாளில் திருப்பங்களை எழுதி வைத்து வாசித்துக்கொண்டே வந்தார். ஆர்.வி.க்கென்றே உயரம், எரிவாயு எல்லாம் கேட்டுப் பாதை சொல்லும் செயலிகள் உண்டு. கட்டணம் கட்டி ஒன்றை வாங்குவது மோசமில்லை, ஆனாலும் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு கதை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கிரெக்சன் தெருவுக்கு மேலே ஒரு ரயில் பாலம், 1940இல் கட்டியது. கீழே 11 அடி 8 அங்குலம்தான் இடைவெளி இருந்தது. எதிரே கேமரா வைத்தவர் ஒருவரின் புண்ணியத்தில், வாடகை லாரிகளும் ஆர்.வி.களும் அதில் முட்டி மேற்கூரை டப்பா மூடிபோல உரிவதை உலகமே பார்த்தது. 2019 அக்டோபரில் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அப்புறமும் முட்டுகிறார்கள்! முட்டுகிறவர்கள் அநேகமாக வாடகை வண்டிக்காரர்கள், அவர்கள் மனதில் இன்னும் கார்தான் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பத்தில் மகள் ஸ்கெட்ச் பேனாவால் '12 அடி' என்று எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினாள். டெலவேரில் காபி வாங்க டிரைவ்-த்ரூ பக்கம் வண்டி தானாகத் திரும்பியபோது கத்தியதும் அவள்தான். அங்கே தொங்கிய கம்பியில் 9 அடி என்று எழுதியிருந்தது.

கேம்ப்கிரவுண்டில் முதல் மாலையே மின்சாரம் போனது. குற்றம் சமையலறையில். வண்டிக்கு வரும் இணைப்பு 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினால் 3600 வாட். ஏ.சி. ஏறக்குறைய 1500 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. சாம்பாருக்காக வீட்டிலிருந்து கொண்டுபோன இண்டக்‌ஷன் அடுப்பு 1800. பிள்ளை ஒருவன் பால் சுடவைக்க மைக்ரோவேவைத் தட்டினான். டப். எந்த இரண்டு ஒன்றாக ஓடலாம், எது கூடாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு அடுப்பில் சமைத்தாலும் தாளிக்கும் வேலை வேண்டாம். கடுகு வெடித்த மறுநொடி தலைக்கு மேலிருந்த புகை அலாரம் அலறியதில் பக்கத்து வண்டி நாய் குரைத்து, அதைக் கேட்டு இன்னொரு நாய் குரைத்து, பத்து மணி அமைதி நேரத்துக்கு முன்பே ஊர் கூடிவிட்டது. பாட்டி மறுநாளிலிருந்து வீட்டில் வறுத்து எடுத்துவந்த பருப்புப் பொடிக்கு மாறினார்.

கழிவுத் தொட்டி விவகாரத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள்: கழிப்பறைக்கு ஒன்று, குளியல், பாத்திரத் தண்ணீருக்கு ஒன்று. கழிவுக் குழாயை இணைத்ததும் நம்மவர் இரண்டு வால்வையும் திறந்துவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். எதிர் வண்டிப் பெரியவர் ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாக, கழிப்பறை வால்வை மூடச் சொன்னார். திறந்தே வைத்தால் தண்ணீர் வழிந்துபோய்விடும், மற்றது உள்ளே குவிந்து காய்ந்து கல்லாகும். தொட்டி நிறையும்வரை மூடியே வைத்து, கிளம்பும் முன் முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், அப்புறம் குளியல் தொட்டியை. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். ரப்பர் கையுறை கட்டாயம். இதையெல்லாம் வாடகைக் கடையில் பத்து நிமிடத்தில் வேகமாகச் சொன்னார்கள், அவர் தலையாட்டினார். அந்தப் பத்து நிமிடத்தை ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தால் பெரியவருக்கு வேலை இருந்திருக்காது.

வெந்நீர் 6 கேலன். ஒருவர் குளிக்கலாம், அடுத்தவருக்கு ஜில்லென்றுதான். கேம்ப்கிரவுண்டின் பொதுக் குளியலறையே உத்தமம்.

நகரத்துக்குள் போக வண்டியைத் தொடவே இல்லை. கிரீன் லைன் மெட்ரோ ஏறினால் ஆர்கைவ்ஸ் நிலையத்தில் இறங்கி நேராக நேஷனல் மால் என்கிற நீளப் புல்வெளி. மெட்ரோவில் பெரியவர் ஒருவருக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருவர் இலவசம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த இலவசச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு அருங்காட்சியகம் போதும். மால் பார்க்கத்தான் கூப்பிடு தூரம், நாடாளுமன்றத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை நடந்தால் ஏறக்குறைய 2 மைல். பாண்டாக்களைப் பார்க்க மிருகக்காட்சிசாலை போகிறவர்கள் ரெட் லைனில் கிளீவ்லாந்து பார்க் நிலையத்தில் இறங்குங்கள். உட்லி பார்க்கில் இறங்கினால் ஏற்றம். பாட்டியின் முழங்காலுக்கு இந்த ஒரு தகவல் ஊர் சுற்றல் முழுவதையும் காப்பாற்றியது.

செலவு? ஓட்டலைவிடக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாள் வாடகை, மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கு இவ்வளவு, இட வாடகை, டோல். ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல் கிடைக்கும் வண்டியில் பெட்ரோல் போடும்போது எண்கள் ஓடுவதைப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. வண்டியைப் பிற்பகலில் தந்து காலையில் திருப்பிக் கேட்பதும் வழக்கம், ஆகவே மூன்று நாள் பயணம் கையில் இரண்டு நாளாகத்தான் நிற்கும். இது பணம் மிச்சம் பிடிக்கும் வழி அல்ல. பாட்டி தன் கையால் வடித்த சோற்றைச் சாப்பிட்டதும், பரண்படுக்கையில் பிள்ளைகள் பதினோரு மணிவரை கிசுகிசுத்ததும்தான் கொடுத்த காசுக்குக் கிடைத்தவை. அவை வேண்டாம் என்பவர்கள் ஓட்டல் அறையே போடலாம்.

திருப்பிக் கொடுத்த காலையில் கடைக்காரர் மைல் மீட்டரைக் குறித்துக்கொண்டார். போக வர, பால்டிமோரைச் சுற்றியது உட்பட 448 மைல். வாஷிங்டன் நகர எல்லைக்குள் வண்டி ஓடியது ஒரு மைல்கூட இல்லை.