சாலையும் சுங்கமும்

கோவை மாநகரில் சுங்கம் என்னும் பெயருடைய பகுதி ஒன்று உண்டு. சுங்கமாவது வழிச்செல்லும் வண்டிக்கும் சரக்குக்கும் வாங்கும் வரி. பண்டு அதனை நீக்கிய முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான்.

இக்காலத்தில் நெடுஞ்சாலைச் சுங்கம் சாலையின் நீளத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நான்கு வழிச் சாலையிற் செல்லும் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்பது 2008ஆம் ஆண்டு விதிகள் வகுத்த அடிப்படை. 60 கிலோமீட்டருக்கு அது 39 ரூபாய். ஐந்தின் மடங்காக்க, 40 ரூபாய். 24 மணி நேரத்துள் மீள்வோர்க்கு, இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கான 60 ரூபாயே உரியது. இக்கட்டணம் ஆண்டுதோறும் திருத்தப்படும்.

கோவையிலிருந்து சேலம் செல்லும் வழியில் கணியூர், விசயமங்கலம், வைகுந்தம் ஆகிய இடங்களில் சுங்கச்சாவடிகள் உள்ளன. வாடகைக் காரிற் செல்வோர், பேசிய வாடகைக்கு மேல் இச்சுங்கத்தையும் தாமே ஏற்பது வழக்கம். ஆனால் வண்டியில் ஒட்டிய பாஸ்டேக் வழியே உரிமையாளரின் கணக்கில் அது கழிவதால், பயணியின் கண்ணிற் படுவதில்லை. அன்றே மீண்டவரிடம் 60 ரூபாய்க்கு மாறாக 80 ரூபாய் கேட்பினும் அவர் அறியார்.

ஆதலின், வாடகையுள் சுங்கம் அடங்குமா என்று புறப்படுமுன் கேட்டறிக. திரும்பியபின் கழிந்த தொகையை ஒப்புநோக்குக. கணக்கறிந்து கொடுப்பது கருமித்தனம் அன்று; அஃது இருவர்க்கும் நேர்மை.