வரைவதற்கு முன் கேள்

எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு மேசையும் ஒரு பழைய மடிக்கணினியும் உள்ளன. அதுதான் என் ராத்தாவின் அலுவலகம். அவர் எந்த நிறுவனத்திலும் பணிபுரிபவர் அல்லர். நாடி வருவோருக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் சுயாதீன வடிவமைப்பாளர். என் உயர்தர வகுப்புகளுக்கான கட்டணமும் அந்த மேசையிலிருந்தே வருகிறது. அங்கே நான் கற்ற சில பாடங்களை உங்களோடு பகிர விரும்புகிறேன்.

1989இல் ரிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் உலகளாவிய வலையை முன்மொழிந்தபோது, விஞ்ஞானிகள் தமக்குத் தேவையான தகவலை இலகுவாகப் பெறுவதே நோக்கமாக இருந்தது. இன்றும் ஓர் இணையத்தளத்தின் பயன் அதுவே. ஆனால் தேவை ஆளுக்காள் மாறும். ராத்தாவிடம் வந்த மூவரைப் பாருங்கள். மசாலாத் தூள் விற்கும் பெண்ணின் தளத்தில் விலையும் தொலைபேசி இலக்கமும் முதலில் தெரியவேண்டும். கடலோர விருந்தினர் விடுதிக்கு அறைகளின் படங்களும் வரைபடமும் வேண்டும். முன்பள்ளியின் தளத்திலோ பெற்றோர் தேடுவது அனுமதி வயதையும் நேரத்தையும். ஒரே அமைப்பின் நிறத்தை மாற்றி மூவருக்கும் கொடுத்தால் மூவருக்கும் பயனிராது.

இதை நான் பிழைவிட்டே கற்றேன். மாமியின் கேக் வியாபாரத்துக்குத் தளம் செய்ய முன்வந்தேன். எச்.ரி.எம்.எல். பக்கத்தின் கட்டமைப்பைத் தரும், சி.எஸ்.எஸ். தோற்றத்தைத் தரும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அது போதுமென்று எண்ணி, இளஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளை இட்டேன். ராத்தா பார்த்தார்.

“ஒன்ட கண்ணுக்கு வடிவாத்தான் இருக்கு. மாமிட கஸ்டமருக்கு வெயில்ல நிண்டு வாசிக்க ஏலுமா?”

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்கவேண்டும் என்பது சர்வதேச அணுகல் வழிகாட்டி. என் பக்கம் அதில் தேறவில்லை. கமராவிலிருந்து எடுத்த பெரிய படங்களை அப்படியே சேர்த்திருந்ததால், கைத்தொலைபேசியில் பக்கம் திறக்கவும் தாமதமானது. படங்களைச் சுருக்கிய பின்னரே சரியானது.

இன்னொரு பிழையும் இருந்தது. மாமி தந்த விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைக்கும் முறை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது வெறும் ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும். யுனிகோட் முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் தனி எண் உண்டு. ஆகவே பட்டியல் முழுவதையும் யுனிகோடுக்கு மாற்றினேன்.

மிகப் பெரிய பாடம் கணினிக்கு வெளியே கிடைத்தது. ஒரு கடைக்காரருக்கு ராத்தா ஒரு மாதம் உழைத்தார். அவர் மாற்றங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இறுதியில் “தேவையில்லை” என்றார். எழுத்தில் எதுவும் இல்லை, பணமும் இல்லை. அந்த மாதம் நான் கணக்கீட்டு வகுப்புக்குப் போகவில்லை. ராத்தா என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். தச்சுத் தொழில் செய்யும் எங்கள் வாப்பா ஒன்றுதான் சொன்னார்: “அட்வான்ஸ் வாங்காம நான் மரத்துல கை வைக்கமாட்டேன் மகள். ஒன்ட வேலையும் வேலைதானே?”

அதுவரை வாப்பா அதை ‘வேலை’ என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

இப்போது ராத்தா ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். எத்தனை பக்கங்கள், படங்களையும் விபரங்களையும் தருவது யார், எத்தனை முறை திருத்தம், முடிக்கும் திகதி, முற்பணம், மீதிப் பணம் என்பன அதில் இருக்கும். ஆள்களப் பெயரை வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிவு செய்கிறார். அது காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவேண்டிய ஒன்று. வடிவமைப்பாளரின் பெயரில் இருந்தால், பின்னர் கடைக்காரர் தன் கடையின் பெயரையே இழக்க நேரலாம். ஒப்பந்தம் இரு பக்கத்தாரையும் காக்கிறது.

சகோதரிகளே, இத்துறையில் வீட்டிலிருந்தே உழைக்க முடியும். ஆனால் வரைவதற்கு முன் கேளுங்கள், கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் கணினி முன் அமர்ந்திருந்தால், என்ன செய்கிறாள் என்று ஒரு முறை அருகில் அமர்ந்து கேளுங்கள். எங்கள் வாப்பா இப்போது கேட்கிறார். அவருடைய தளபாடங்களுக்கான தளம்தான் எனது அடுத்த வேலை. முற்பணம் தந்துவிட்டார்!