வரலாற்றில் இன்று: பிப்ரவரி 28

இன்று தேசிய அறிவியல் தினம். ஏன் இந்த நாள் தெரியுமா?

1928: திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து ‘ராமன் விளைவை’க் கண்டறிந்தார். ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது, அதில் ரொம்பக் கொஞ்சம் நிறம் மாறி வருது! 1930-ல் நோபல் பரிசு.

1953: இதே நாளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வாட்சன், கிரிக் இருவரும் டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போல இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு உதவியது ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ்-ரே படம். அவரைக் கேட்காமலே அதை வாட்சனிடம் காட்டிட்டாங்க. 1958-ல், 37 வயதில் ரோசலிண்ட் இறந்தார். 1962-ல் நோபல் பரிசு வாங்கியது மூன்று ஆண்கள். இறந்தவருக்குப் பரிசு கிடையாது.

புத்தகத்தில் டி.என்.ஏ. படம் வந்தால், பக்கத்தில் ரோசலிண்ட் பெயரையும் பென்சிலால் எழுதி வைங்க!